சேலம் சூனியக்காரி வீடும் ஒரு டாக்டர் சொன்ன டயக்னோசிஸும்

1/
சேலத்துல ஒரு பேய் வீடு இருக்கு. நம்ம மாம்பழச் சேலம் இல்லைங்க. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி கடலோரமா இருக்கிற சேலம். அந்த வீட்டுக்குப் பேரே 'விட்ச் ஹவுஸ்'. சூனியக்காரி வீடு. இப்போ அது ஒரு மியூசியம்.

லீவில் பாஸ்டன் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனப்போ இதைப் பார்க்கிற வாய்ப்பு கிடைச்சது. நீளமான இழை தான். டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

2/
பாஸ்டனில் ரயில் ஏறினா அரை மணி நேரம். எசெக்ஸ் தெருவும் நார்த் தெருவும் சந்திக்கிற முனையில் நிக்குது வீடு. கரிய நிற மரப்பலகைச் சுவர்கள், செங்குத்தான கூரை, நடுவுல பெரிய புகைபோக்கி, சின்னச் சின்ன கண்ணாடி பதிச்ச ஜன்னல்கள். மேல் மாடி கீழ்த்தளத்தை விட கொஞ்சம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும். மேகமூட்டமான நாள்ல பார்த்தா நமக்கே ஒரு மாதிரி தான் இருக்கு.

அக்டோபர் மாசம் ஹாலோவீன் சமயத்துல ஊரே திருவிழா. நம்ம ஊர்ல மாசி மயானக் கொள்ளைக்குக் கூடுற மாதிரி கூட்டம்.

3/
உள்ளே குழந்தை அழுற சத்தம் கேட்டுச்சு, யாரோ தோளைத் தொட்டாங்க, திடீர்னு ஒரு இடத்துல மட்டும் குளிர் அடிச்சுது... இந்த மாதிரி கதைகள் ஏராளம். பேய் தேடுற டிவி நிகழ்ச்சிக்காரங்க கூட கேமராவோட வந்துட்டுப் போயிருக்காங்க.

எனக்கு எதுவும் தட்டுப்படலை. மரத்தரை கிறீச்சிட்டது. நூற்றாண்டுகள் பழைய மரம் வெயிலுக்கும் குளிருக்கும் விரிஞ்சு சுருங்கும், சத்தம் போடும். ஜன்னல் சின்னது, வெளிச்சம் கம்மி. கூடவே 'இது பேய் வீடு'ன்னு முன்னாடியே சொல்லித் தான் டிக்கெட் கொடுக்கிறாங்க. மீதி வேலையை நம்ம மூளை பார்த்துக்கும்.

4/
பேய் வீடு பத்திப் பேசும்போது மருத்துவ உலகத்தில் ஒரு பழைய கேஸ் ரிப்போர்ட்டைச் சொல்லாம இருக்க முடியாது. 1921இல் வில்மர் என்ற அமெரிக்க கண் மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் எழுதினது. ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடி போனது. தலைவலி, சோர்வு. ராத்திரியில் காலடிச் சத்தம், உருவங்கள். வீட்டுல வச்ச செடிகள் கூட வாடுது.

கடைசியில் பார்த்தா வீட்டைச் சூடாக்கும் உலையில் கோளாறு. புகை வெளியே போகாம கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே கசிஞ்சிருக்கு. உலையைச் சரி பண்ணாங்க, பேயும் போயிடுச்சு.

யாரோ ஒருத்தர் "காரணம் என்னன்னு இன்னும் கொஞ்சம் தேடுவோம்"னு நினைச்சதால கிடைச்ச விடை அது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்குங்க. சேலத்துல இது நடக்கலை.

5/
சரி, இந்த வீட்டுக்கு ஏன் சூனியக்காரி வீடுன்னு பேர்? இங்கே எந்தச் சூனியக்காரியும் வாழ்ந்ததில்லை. வாழ்ந்தவர் ஒரு நீதிபதி.

ஜோனதன் கார்வின். பணக்கார வணிகர். 1675இல் இந்த வீட்டை வாங்கி நாற்பது வருஷத்துக்கு மேல இங்கே குடியிருந்தார். சட்டம் படிச்சவர் இல்லை. அந்தக் காலத்து மாசசூசெட்ஸ் பிரிட்டனின் காலனி. ஊர்ப் பெரிய மனிதர்களே மாஜிஸ்திரேட்டாகவும் இருப்பாங்க.

1692 சேலம் சூனிய வழக்குகளோடு நேரடித் தொடர்புள்ள கட்டடங்களில், இன்றைய சேலம் நகரத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒரு வீடு மட்டும் தான்.

6/
1692 ஜனவரி. கடுங்குளிர்காலம். இடம் சேலம் டவுன் இல்லை, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருந்த சேலம் கிராமம். இன்றைக்கு அதுக்கு டான்வர்ஸ்னு பேர்.

கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் ரெண்டு சிறுமிகளுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. மகள் பெட்டி, வயசு 9. கூட வளர்ந்த உறவுக்காரப் பெண் அபிகெய்ல் வில்லியம்ஸ், வயசு 11.

அறிகுறிகள்: கை கால் முறுக்கிக்கிறது, அர்த்தமில்லாம கத்துறது, மேசைக்கு அடியில போய் ஒளியறது, யாரோ கிள்ளுற மாதிரி கடிக்கிற மாதிரி துடிக்கிறது. வலிப்பு மாதிரி வரும், போகும்.

7/
ஊர் இருந்த நிலைமையையும் பாருங்க. வடக்கு எல்லையில் பிரெஞ்சுக்காரர்களோடும் பூர்வகுடிகளோடும் போர். மெய்ன் பகுதியில் ஊர்கள் எரிஞ்சு, தப்பிச்சவங்க அகதிகளா வந்து சேர்ந்திருந்தாங்க. பின்னால சாட்சி சொன்ன இளம்பெண்களில் அப்படிப் பெத்தவங்களைப் பறிகொடுத்தவங்களும் உண்டு. கிராமத்துக்குள்ளே ரெண்டு கோஷ்டி. போதகருக்குச் சம்பளமும் விறகும் கொடுக்கிறதுலேயே தகராறு.

மதமோ கறார் பியூரிட்டன் மதம். சிறுமிகளுக்கு விளையாட்டே பாவம்ங்கிற அளவு கட்டுப்பாடு. வீட்டுக்குள்ள பயம், வெளியே பயம், வானத்துலயும் பயம்.

8/
போதகர் முதலில் ஜெபம் பண்ணிப் பார்த்தார். கைமருந்து கொடுத்தும் பார்த்தாங்க. சில வாரம் ஆச்சு. குறையலை. டாக்டரைக் கூப்பிட்டாங்க.

அந்த டாக்டர் எழுபது வயசைத் தாண்டின வில்லியம் கிரிக்ஸ் என்பதே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலானோரின் கருத்து. அந்தக் காலத்து கிராமத்து டாக்டர்கிட்ட என்ன இருந்திருக்கும்? மூலிகை, பேதி மருந்து, ரத்தம் வெளியேத்துற கத்தி. ஸ்டெதஸ்கோப்பே இன்னும் 124 வருஷம் கழிச்சுத் தான் வரப் போகுது.

அவர் பார்த்தார். உடம்புல காரணம் எதுவும் பிடிபடலை. இது ஒரு தீய சக்தியின் கைவேலைன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

9/
ஒரு டாக்டரா இந்த இடத்துல தான் நான் நின்னுட்டேன்.

அவருக்குக் காரணம் தெரியாததில் தப்பே இல்லை. 1692இல் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா "எனக்குத் தெரியலை"ங்கிறதும் "இது சூனியம்"ங்கிறதும் ஒண்ணா?

"தெரியலை"ன்னு சொன்னா அடுத்த கேள்வி: "வேற என்ன பண்ணலாம்?"
"சூனியம்"னு சொன்னா அடுத்த கேள்வி: "வச்சது யாரு?"

அந்த ரெண்டாவது கேள்வி ஊருக்குள்ளே போன நிமிஷம், நோயாளிகள் ரெண்டு பேரும் சாட்சிகளா மாறிட்டாங்க. வைத்தியம் வழக்காயிடுச்சு.

10/
இன்னொரு விஷயம். டாக்டர் கிரிக்ஸ் வீட்டிலேயே அவர் மனைவியின் உறவுக்காரப் பெண் எலிசபெத் ஹப்பர்ட் வேலைக்காரியா இருந்தாள். வயசு 17. சீக்கிரமே அவளுக்கும் அதே வலிப்பு. அந்த வழக்குகளில் மிக அதிகமா சாட்சி சொன்னவங்களில் அவளும் ஒருத்தி.

நோய் வீடு வீடா பரவுச்சு. போதகர் வீடு, டாக்டர் வீடு, புட்னம் என்ற செல்வாக்கான குடும்பத்தின் வீடு. 12 வயசு ஆன் புட்னம் முக்கியமான சாட்சி ஆனாள்.

11/
முதலில் கை நீட்டப்பட்டது மூணு பேர் மேல. போதகர் வீட்டு அடிமைப் பெண் டிடுபா. வீடு வீடா பிச்சை கேட்டுத் திரிஞ்ச சாரா குட். படுத்த படுக்கையா கிடந்த, ஊர் வாயில் ஏற்கனவே விழுந்திருந்த சாரா ஆஸ்போர்ன்.

அடிமை, பிச்சைக்காரி, நோயாளி. யாருக்குமே கேட்க ஆள் கிடையாது. எந்த ஊர்லயும், எந்தக் காலத்துலயும் முதல் பேர் இப்படித் தான் வரும்.

மார்ச் 1ஆம் தேதி கிராமத்து ஆலயக் கூடத்தில் விசாரணை. விசாரிக்க சேலம் டவுனிலிருந்து குதிரை ஏறி வந்த மாஜிஸ்திரேட்டுகள் ரெண்டு பேர். ஒருத்தர் ஜான் ஹாத்தார்ன். இன்னொருத்தர் நம்ம கருப்பு வீட்டுக்காரர், கார்வின்.

12/
மார்ச் கடைசியில் ஒரு கைது. டோரதி குட். பிச்சைக்காரி சாராவின் மகள். வயசு நாலு, இல்லை அஞ்சு.

தப்பா படிக்கலை. நாலு அஞ்சு வயசுக் குழந்தை. சூனியம் வச்சதா குற்றச்சாட்டு.

கார்வினும் ஹாத்தார்னும் இன்னொரு போதகரும் சிறைக்கே போய் அந்தக் குழந்தையை விசாரிச்சாங்க. ஒரு குட்டிப் பாம்பு இருக்கு, அது என் விரலில் பால் குடிக்கும்னு குழந்தை சொல்லிச்சு. விரலைக் காட்டிச்சு. அங்கே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி, தெள்ளுப்பூச்சி கடிச்ச அளவுக்கு. யார் கொடுத்ததுன்னு கேட்டாங்க. அம்மான்னு சொல்லிச்சு.

13/
எந்த பிஎச்சிக்கு வேணா போங்க, இந்தச் சிவப்புப் புள்ளியோட பத்துக் குழந்தைகள் ஓபியில் உக்காந்திருக்கும். காலமைன் தடவி அனுப்புவோம். அந்தப் புள்ளியைத் தான் அம்மாவுக்கு எதிரான ஆதாரமா எடுத்துக்கிட்டாங்க.

ஜூலை 19ஆம் தேதி சாரா குட்டைத் தூக்கில் போட்டாங்க. அதுக்கு முன்னாடியே அவளோட கைக்குழந்தை சிறையில் இறந்து போச்சு. டோரதி மாசக்கணக்கா சங்கிலியில் கிடந்தாள். அந்தச் சின்னக் கை கால்களுக்குச் சங்கிலி. வெளியே வந்த பிறகும் மனநிலை தேறவே இல்லைன்னு அவளோட அப்பா 1710இல் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கார்.

கார்வின் வீட்டில் குழந்தை அழுற சத்தம் கேட்குதுன்னு சொல்றாங்களே, எனக்கு இந்தக் குழந்தை ஞாபகம் தான் வந்தது.

14/
அடுத்தது எந்த மருத்துவரையும் உலுக்கக்கூடிய கேஸ். ரெபேக்கா நர்ஸ். 71 வயசு. எட்டுப் பிள்ளைகள் பெத்த, ஊரே மதிச்ச பாட்டியம்மா. காது மந்தம். 'நர்ஸ்' என்பது குடும்பப் பேர், வேலை இல்லை.

சூனியக்காரின்னா உடம்பில் சாத்தானோட சேவகர்கள் பால் குடிக்க ஒரு சதை முளை இருக்கும்னு நம்பிக்கை. அதனால ஜூன் 2ஆம் தேதி ஒரு அறுவை வைத்தியரும் ஒன்பது பெண்களும் சேர்ந்த குழு, குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் உடம்பைச் சோதனை போட்டது. பிறப்புறுப்புப் பக்கம் ரெபேக்காவுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் இயல்புக்கு மாறான சதை இருக்குன்னு எழுதினாங்க.

சில மணி நேரம் கழிச்சு மறுபடியும் சோதனை. இப்போ அந்தச் சதை அப்படி இல்லை. ரெபேக்காவிடம் இருந்தது காய்ஞ்ச தோல் மட்டும்.

15/
ரெபேக்கா நீதிமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார். சாரம் இது தான்: சோதிச்ச பெண்களில் மூத்தவரும் அனுபவசாலியுமான ஒருத்தர் மற்றவங்களோட ஒத்துப்போகலை, இது இயற்கையான காரணத்தால் வந்ததுன்னு சொன்னார். எனக்குப் பிரசவ காலங்களில் ஏற்பட்ட சிரமங்களால் வந்த பலவீனம் இது. விவரம் தெரிஞ்ச வேற பெண்களை வச்சு மறுபடி சோதிங்க.

300 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நோயாளி எழுத்துல கேட்ட செகண்ட் ஒப்பீனியன் இது.

எட்டுப் பிரசவம், 71 வயசு, ஒரு நேரம் தெரிஞ்சு இன்னொரு நேரம் தெரியாத சதை. நம்ம ஊர் மகப்பேறு டாக்டர் யாரைக் கேட்டாலும் முதலில் நினைக்கிறது கர்ப்பப்பை இறக்கம், இல்லைன்னா பழைய பிரசவக் கிழிசலின் தழும்பு. இறக்கம் நின்னா, முக்கினா வெளியே தெரியும். படுத்தா உள்ளே போகும்.

16/
விசாரணையில் ஜூரி முதலில் அவரைக் குற்றவாளி இல்லைன்னு தான் சொன்னாங்க. உடனே 'பாதிக்கப்பட்ட' பெண்கள் அலறித் துடிச்சாங்க. ரெபேக்கா சொன்ன ஒரு வார்த்தையைக் காட்டி மறுபடி யோசிங்கன்னு தலைமை நீதிபதி ஜூரியை அனுப்பினார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அவரையே கேட்டாங்க. பதில் வரலை.

காது கேட்கலை. மனசும் உடைஞ்சிருந்தது. பிறகு அவரே எழுத்தில் விளக்கம் கொடுத்தார்.

அந்த மௌனத்தைக் குற்றமா எடுத்துக்கிட்டாங்க. ஜூலை 19, சாரா குட்டோடு அதே நாளில் தூக்கு. முதுமையில் காது மந்தமாகிறது ஒரு உயிரோட விலையா போச்சு.

17/
மொத்தக் கணக்கு: 150 பேருக்கு மேல குற்றச்சாட்டு. 19 பேர் தூக்கில். 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல மறுத்ததால், நெஞ்சு மேல கல்லை அடுக்கி நசுக்கியே கொன்னாங்க. சிறையில் செத்தவங்க குறைஞ்சது 5 பேர்.

யாரையும் எரிக்கலை. 'சேலம் சூனியக்காரிகளை எரிச்சாங்க'ன்னு சினிமாவில் வர்றது தப்பு.

இன்னொரு கொடுமை: சூனியக்காரின்னு ஒத்துக்கிட்டவங்க பெரும்பாலும் உயிர் பிழைச்சாங்க. "நான் இல்லை"ன்னு உண்மை பேசினவங்க தான் தூக்கில் தொங்கினாங்க.

18/
இப்போ எல்லாரும் கேட்கிற கேள்வி. அந்தச் சிறுமிகளுக்கு உண்மையில் என்ன தான் வியாதி?

1976இல் லிண்டா கேப்ரேல் என்ற ஆராய்ச்சியாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கருத்தை வச்சாங்க. ரை என்கிற தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சை. அது கலந்த ரொட்டியைச் சாப்பிட்டா வலிப்பு, தோலில் ஊர்ற உணர்வு, இல்லாதது தெரியறது எல்லாம் வரும்.

எர்காட் நமக்குப் புதுசு இல்லை. பிரசவம் முடிஞ்சு ரத்தப்போக்கு நிக்கலைன்னா லேபர் வார்டில் போடுற மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி, அந்தப் பூஞ்சையின் வழி வந்த மருந்து தான். விஷமும் மருந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

19/
கேட்க நல்லா இருக்கு. ஆனா பொருந்தலை. அதே வருஷமே ஸ்பானோஸ், காட்லீப் என்ற ரெண்டு பேர் மறுத்து எழுதினாங்க.

ஒரே ரொட்டியைச் சாப்பிட்ட குடும்பத்துல எல்லாருக்கும் வரணும், வரலை. வாந்தி, பேதி பத்தி பேச்சே இல்லை. வலிப்பு வகை எர்காட் விஷம் வைட்டமின் ஏ குறைஞ்ச மக்களிடம் தான் அதிகம். இவங்க பாலும் மீனும் சாப்பிட்டவங்க. எல்லாத்துக்கும் மேல, குற்றவாளி கூடத்துக்குள்ளே வந்தா வலிப்பு வருது, அவங்க கையை எடுத்துத் தொட வச்சா வலிப்பு நிக்குது. எந்தப் பூஞ்சையும் நீதிமன்ற நேரம் பார்த்து வேலை செய்யாது.

20/
அப்போ நடிப்பா? சிலர் சில சமயம் நடிச்சிருக்கலாம். ஆனா எல்லாத்தையும் நடிப்புன்னு சொல்லிட முடியாது.

இன்றைய மருத்துவத்தில் இதுக்குப் பெயர் இருக்கு: கன்வர்ஷன் டிசார்டர், ஃபங்ஷனல் நியூராலஜிக்கல் டிசார்டர்னும் சொல்வோம். தாங்க முடியாத மன அழுத்தம் உடம்பு வழியா வெளியே வரும். கை கால் இழுக்கும், பேச்சு நிக்கும், வலிப்பு மாதிரி வரும். ஸ்கேன் நார்மலா இருக்கும். அந்த நோயாளி வேணும்னு பண்றதில்லை, அவங்களுக்கு அது நிஜம். ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தருக்குப் பரவவும் செய்யும், குறிப்பா நெருக்கமா பழகுற இளம் பெண்களிடம். சேலத்து ஆவணங்களைப் படிக்கிற பல மருத்துவர்களும் வரலாற்றாசிரியர்களும் இந்தப் பக்கம் தான் சாயறாங்க.

21/
இதுக்கு ஒரு குறிப்பு அந்தக் கதையிலேயே ஒளிஞ்சிருக்கு.

முதல் நோயாளி சிறுமி பெட்டியை, மார்ச் மாசக் கடைசியில் ஊர்க் கூட்டத்திலிருந்து பிரிச்சு, சேலம் டவுனில் தெரிஞ்சவங்க வீட்டுல கொண்டு போய் விட்டாங்க. விசாரணை இல்லை, கேள்வி இல்லை, வேடிக்கை பார்க்கிற கூட்டம் இல்லை. கொஞ்ச நாள் தொந்தரவு இருந்தது, பிறகு தேறிட்டாள்.

கூடவே இருந்த அபிகெய்லோ சாட்சிக் கூண்டுலயே இருந்தாள். அவளுக்குக் குறையவே இல்லை.

ஊருக்கு முன்னாலேயே வைத்தியம் கிடைச்சிருந்தது. யாரும் அதைக் கவனிக்கலை.

22/
இது எப்படி நின்னுச்சு? கனவில் வந்தாள், ஆவியா வந்து கிள்ளினாள் என்ற 'ஆவி சாட்சி'யை ஏத்துக்கக் கூடாதுன்னு மதத் தலைவர்களே கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க. சில குற்றவாளிகள் தப்பினாலும் பரவாயில்லை, ஒரு நிரபராதி சாகக் கூடாதுன்னு இன்க்ரீஸ் மேதர் என்ற செல்வாக்கான போதகர் எழுதினார். 1692 அக்டோபரில் கவர்னர் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தையே கலைச்சார்.

குற்றச்சாட்டு பெரிய இடங்களைத் தொட ஆரம்பிச்சதும் ஒரு காரணம். நீதிபதி கார்வினோட மாமியார் மார்கரெட் தாச்சர் பேரே வந்தது. அவங்களுக்கு வாரண்ட் போகவே இல்லை. நாலு வயசு டோரதிக்குச் சங்கிலி, நீதிபதி மாமியாருக்கு ஒண்ணும் இல்லை.

23/
இந்த மாமியாரைப் பத்தி ஒரு செய்தி. அவரோட காலமான கணவர் தாமஸ் தாச்சர், போதகர், வைத்தியமும் தெரிஞ்சவர். அமெரிக்காவின் பிரிட்டிஷ் காலனிகளில் அச்சான முதல் மருத்துவ வெளியீடு அவர் எழுதினது தான். பெரியம்மை வந்தா பொதுமக்கள் என்ன செய்யணும்னு 1677-78இல் போட்ட ஒரே ஒரு தாள் நோட்டீஸ். நம்ம பாஷையில் சொன்னா பொது சுகாதாரத் துண்டுப் பிரசுரம்.

நோயாளியை எப்படிப் பார்த்துக்கணும்னு மக்களுக்கு எளிமையா சொன்ன ஒருத்தரோட குடும்பத்துக்குள்ள தான், 14 வருஷம் கழிச்சு, நோயாளிகளின் வலிப்பைத் தூக்குக் கயிறா மாத்தின நீதிபதி மருமகனா இருந்தார். அறிவு அந்த ஊர்லயே இருந்தது. பயம் அதை விட வேகமா ஓடிச்சு.

24/
1697இல் நீதிபதி சாமுவேல் சீவால் ஆலயத்தில் எழுந்து நின்னு பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். ஜூரிகள் 12 பேரும் எழுதிக் கொடுத்தாங்க. 1706இல் ஆன் புட்னம் மன்னிப்புக் கேட்டாள். அப்போ கூட சாத்தான் ஏமாத்திட்டான்னு தான் சொன்னாள்.

1711இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு. டோரதியின் அப்பாவுக்குக் கிடைச்சது 30 பவுண்டு.

கார்வின் பகிரங்கமா எந்த வருத்தமும் தெரிவிக்காமலேயே 1718இல் இறந்தார். தண்டனை பெற்றவர்களில் கடைசியா பெயர் நீக்கப்படாம இருந்த எலிசபெத் ஜான்சனுக்கு 2022இல் தான் விடுதலை. ஒரு பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த முயற்சி அது.

25/
வீட்டோட கதையும் சுருக்கமா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வீட்டின் முன்பக்கம் ஒரு மருந்துக் கடை இருந்தது! 1940களில் ரோட்டை அகலப்படுத்த இடிக்கப் பார்த்தாங்க. ஊர் மக்கள் 42,500 டாலர் திரட்டி, வீட்டை அப்படியே சில அடி தள்ளி நகர்த்திக் காப்பாத்தினாங்க. 1948இல் மியூசியம் ஆச்சு.

ரெபேக்கா நர்ஸ் வாழ்ந்த வீடும் டான்வர்ஸில் மியூசியமா இருக்கு. நீதிபதி வீட்டுக்குப் போறவங்க அங்கேயும் போயிட்டு வாங்க. தூக்கு நடந்த இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ்னு 2016இல் உறுதி பண்ணாங்க. அடுத்த வருஷம் நினைவுச் சின்னம் வச்சாங்க.

26/
இப்போ என்னை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம்.

பழைய சேலம் கிராமம் தானே இன்றைய டான்வர்ஸ்? 2013 வாக்கில் அதே டான்வர்ஸில் ஒரு பள்ளியில் சுமார் இருபது மாணவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, அடக்க முடியாத விக்கலும் தொண்டையிலிருந்து தானா வர்ற சத்தமும் பரவிச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நியூயார்க் மாநிலம் லே ராய் பள்ளியிலும் இதே மாதிரி கை கால் உதறலும் பேச்சுத் திணறலும்; அங்கே நரம்பியல் டாக்டர்கள் சொன்னது கன்வர்ஷன் டிசார்டர்.

சுகாதாரத் துறை வந்தது. தண்ணி, காத்து, தொற்று எல்லாம் பார்த்தாங்க. குழப்பம் இருந்தது, பெத்தவங்க கோபப்பட்டாங்க, டிவிக்காரங்க வந்தாங்க. ஆனா யார் மேலயும் வாரண்ட் போகலை. யாரும் சாகலை.

அதே மண். அதே வயசு. கிட்டத்தட்ட அதே அறிகுறி. கேள்வி மட்டும் மாறியிருந்தது.

27/
"நாம முன்னேறிட்டோம்"னு சொல்லிட்டுப் போக முடியலை. சூனியக்காரின்னு சொல்லிப் பெண்களைக் கொல்றதைத் தடுக்க 1999இல் பீகாரிலும் 2001இல் ஜார்க்கண்டிலும் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. சட்டம் வந்தும் கொலை செய்தி நின்னபாடில்லை.

நம்ம ஓபியிலும் "காத்து கருப்பு அண்டியிருக்கு டாக்டர், யாரோ செஞ்சு வச்சுட்டாங்க"ன்னு சொல்லிட்டு வர்றவங்க இருக்காங்க. அவங்களைத் திட்டுறதுல பிரயோஜனம் இல்லை. பயத்துல இருக்கிற குடும்பத்துக்கு ஒரு காரணம் வேணும். நாம கொடுக்கலைன்னா வேற யாராவது கொடுப்பாங்க.

28/
அதனால சில வார்த்தை:

வலிப்பு எதுவா இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி. 5 நிமிஷத்துக்கு மேல நீடிச்சா, நினைவு திரும்பாம அடுத்தடுத்து வந்தா உடனே 108. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில் இரும்பு, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம்.

டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்தா 'நடிக்கிறா'ன்னும் சொல்லாதீங்க, 'பேய்'னும் சொல்லாதீங்க. மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாவட்ட அரசு மருத்துவமனையில் இலவசமாவே பார்க்கலாம். போன்ல பேசணும்னா டெலி மானஸ் 14416.

கூட்டம் கூடி வேடிக்கை பார்க்காதீங்க. பெட்டியை ஞாபகம் வச்சுக்குங்க, அவளுக்கு மருந்தே அந்த அமைதி தான்.

29/
டாக்டர் தம்பி தங்கச்சிகளுக்கும் ஒண்ணு. "தெரியலைம்மா, பார்ப்போம், பெரிய டாக்டர்கிட்ட காட்டுவோம்"னு சொல்றதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. டாக்டர் கிரிக்ஸ் இந்த மூணு வார்த்தையில் ஒண்ணையாவது சொல்லியிருந்தா, ரெபேக்கா பாட்டி தன் வீட்டுக் கட்டிலில் இறந்திருப்பார். டோரதி வளர்ந்து, மனசு தெளிவா இருந்திருப்பாள்.

சேலம் போனா அந்தக் கருப்பு வீட்டைக் கண்டிப்பா பாருங்க. பேய் தேடாதீங்க. அங்கே வாழ்ந்தவர் ரொம்ப மரியாதையான, கடவுள் பக்தியுள்ள, ஊர் மெச்சின ஒரு மனுஷர். பயப்பட வேண்டியது அதுக்குத் தான்.

வலிப்பு பத்தின பகுதியை மட்டுமாவது வீட்டு குரூப்பில் பகிருங்க.